வளவோடு குடியிருப்பவர்களையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். நான் தூத்துக்குடியில் ஓய்வு பெற்ற ஊழியன். சொந்த ஊர் திருநெல்வேலி டவுன். ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு வளவு விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே நாலு வீடு, தெருவைப் பார்த்து ஒரு கடை. காலியாக இருந்தால் 72 லட்சம் போகும், ஆள் இருப்பதால் 62 லட்சத்துக்கு முடிக்கலாம் என்கிறார் புரோக்கர். முதல் வீட்டுக்காரர் 4,500 ரூபாய் ஒழுங்காகக் கட்டுகிறார். இரண்டாம் வீட்டில் 4,000 ரூபாய் வாடகை, 9 மாதமாகப் பாக்கி. மூன்றாம் வீடு 3 லட்சத்துக்கு ஒத்தி; அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாடகை இல்லை. நாலாம் வீட்டில் ஒரு பெரியவர் 28 வருடமாக இருக்கிறார், வாடகை 1,200. ‘பழைய முதலாளி எனக்கே தாரேன்னு சொன்னாவ’ என்கிறார். கடைக்கு 8,000 வாடகை. எடுத்தவர் ஒருவர், நடத்துபவர் வேறு ஒருவர். விற்பவர் சென்னையில் இருக்கிறார். ‘கிரயம் முடிச்ச பிறகு நீங்களே காலி பண்ணிக்கிடுங்க’ என்று சொல்லிவிட்டார். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினால் தானாகப் போய்விடுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை வைத்துத்தான் வாங்கப் போகிறேன். வாங்கலாமா?

பதில்:

அண்ணாச்சி, வாங்கலாம். ஆனால் இந்த விலைக்கும் இந்த நிபந்தனைக்கும் வேண்டாம். ‘நீங்களே காலி பண்ணிக்கிடுங்க’ என்ற ஒரு வரியில், தன்னால் முடியாத வேலையை விற்பவர் உங்கள் தலையில் வைத்துவிட்டு, கூலியாகப் பத்து லட்சம் தருகிறார். அந்தக் கூலி போதாது. ஏன் என்பதைக் கணக்கோடு பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஐந்து கதவுகளுக்குப் பின்னால் யார், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்பது எழுத்தில் வரவேண்டும். அது வரும்வரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 109-ஆம் பிரிவுப்படி, வாடகைக்காரர் இருக்கும் கட்டடத்தை வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் அப்படியே போய் உட்காருகிறார். வாடகை வாங்கும் உரிமை மட்டுமல்ல, கடமைகளும் சேர்ந்தே வரும். ஒருவர் குடியிருக்கிறார் என்று தெரிந்தே வாங்கினால், அவருக்கு என்ன உரிமை உண்டோ அதுவும் உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எனக்கு யாரும் சொல்லவில்லையே’ என்று பின்னால் நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

ஆகவே விற்பவரையோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஆளையோ கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஐந்து இடத்துக்கும் போங்கள். புரோக்கரை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஒவ்வொருவரிடமும் ஒரே பக்கத் தாளில் இவை எழுதி வரவேண்டும்: குடியிருப்பவர் பெயர், எந்த வருடம் வந்தார், மாத வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார், அதை வாங்கியது யார், கடைசியாக எந்த மாத வாடகை கட்டினார், கையில் என்ன பத்திரம் இருக்கிறது, மின் இணைப்பு எண் என்ன, அது யார் பெயரில், இவர் தவிர அந்த வீட்டில் குடியிருக்கும் பெரியவர்கள் யார் யார். கடைசியில் ‘மேற்படி விவரம் தவிர எனக்கு இந்தச் சொத்தில் வேறு உரிமை ஏதும் இல்லை’ என்று ஒரு வரி. கீழே குடியிருப்பவரும் விற்பவரும் கையெழுத்திட வேண்டும். ரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட மறுப்பவர் இருப்பார். அதுவும் ஒரு பதில்தான். அவர் எதை மனதில் வைத்திருக்கிறார் என்பது பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த வீட்டுக்குத் தனி நிபந்தனை போடலாம், இல்லை விலகலாம்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை தனி. 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். மூலப் பத்திரங்களை அசலாகவே பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று கேளுங்கள். டவுனில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் கட்டாயம் வேண்டும். கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான அடிமனையில் கட்டடம் மட்டும் தனியார் பெயரில் இருக்கலாம். மனை அவர்களுடையது என்றால் இந்தப் பேச்சையே அங்கே நிறுத்திவிடலாம். மின்னணு நீதிமன்ற இணையதளத்தில் விற்பவர் பெயரைப் போட்டு வழக்கு ஏதும் நடக்கிறதா என்று தேடுங்கள். அவருடைய அப்பா பெயரைப் போட்டும் தேடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் தீர்ப்பு உங்களையும் கட்டும். மாநகராட்சிச் சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், ஐந்து மின் இணைப்பின் கடைசி பில் ஆகியவற்றில் இருக்கும் பாக்கியை விற்பவர் தீர்த்துத் தரவேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். நம் பக்கத்தில் ஒத்தியை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி வைத்து முடித்துவிடுவது வழக்கம். பதிவாகாத ஒத்தி வில்லங்கத்தில் வராது. மூன்றாம் வீட்டு விவரம் உங்களுக்கே புரோக்கர் வாயால்தான் தெரிந்தது, இல்லையா?

அந்த ஒத்தியையே முதலில் எடுத்துக்கொள்வோம். பணத்தை வாங்கிச் செலவழித்தவர் விற்பவர். ஆனால் வீட்டுக்குள் ஆள் இருக்கும்வரை அந்த 3 லட்சத்தை ஒத்திக்காரர் உங்களிடம்தான் கேட்பார். பத்திரம் பதிவாகவில்லை, அதனால் செல்லாது என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஒத்தியாக அது நிற்காவிட்டாலும், கொடுத்த பணம் கொடுத்த பணம்தான். அதுவும் ஒரு குடும்பம் நகையை விற்றுச் சேர்த்த பணமாக இருக்கும். சரியான வழி ஒன்று உண்டு. கிரயத் தொகையிலேயே 3 லட்சத்துக்கு ஒத்திக்காரர் பெயரில் தனி டிடி எடுங்கள். பதிவு நாளில் அவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரட்டும். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு டிடி கைமாறட்டும். ஒத்திப் பத்திரத்தின் பின்பக்கத்தில் ‘தொகை முழுவதும் பற்றிக்கொண்டேன், சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்த அசலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சுவாதீனம் என்றால் சொத்து கைவசம் இருப்பது. ஒருவேளை ஒத்தி பதிவாகியிருந்தால் ரத்து ரசீதும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் நாளை நீங்கள் விற்கும்போது அது வில்லங்கத்தில் நிற்கும்.

இரண்டாம் வீடு. 9 மாதப் பாக்கியான 36,000 ரூபாயை உங்கள் வரவாக எண்ணாதீர்கள். அதே 109-ஆம் பிரிவு, விற்பனைக்கு முந்தைய வாடகைப் பாக்கி வாங்கியவருக்குச் சேராது என்கிறது. கிரயப் பத்திரத்திலோ தனி ஆவணத்திலோ விற்பவர் அதை உங்களுக்கு எழுதிக் கொடுத்தால் ஒழிய, அந்தப் பணம் அவருடையது. வாடகை பாக்கி என்று நீங்கள் வழக்குப் போட நினைத்தாலும், உங்கள் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டப்படி, இரண்டு மாத வாடகை நின்று, நீங்கள் நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் முழுப் பாக்கியைக் கட்டாவிட்டால்தான் அது காலி செய்யக் காரணமாகும். அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அவர் தப்பிவிடுவார்.

ஆகவே இந்த வீட்டுக்கு வழக்கைவிடப் பேச்சு மலிவு. ஏன் வாடகை நின்றது என்று முதலில் கேளுங்கள். வேலை போயிருக்கலாம். மோட்டார் பழுதாகி மாதக் கணக்கில் கிடந்ததால் கோபத்தில் நிறுத்தியிருக்கலாம். காரணம் தெரிந்தால் வழி தெரியும். பாக்கியை விற்பவர் விட்டுக்கொடுத்து, லாரிச் செலவுக்கும் புது வீட்டு அட்வான்ஸுக்குமாக ஒரு தொகை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். 25,000 ரூபாய் கொடுத்து இரண்டு மாதத்தில் வீடு காலியாவது, இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடப்பதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் பணம் சாவியோடுதான் கைமாற வேண்டும். முன்கூட்டி பாதியைக் கொடுத்தால் அந்தப் பாதி போயே போய்விடும். ஆளும் போக மாட்டார்.

நாலாம் வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 12 வருடம் இருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்று திண்ணைதோறும் சொல்கிறார்கள். வாடகைக்காரருக்கு அது பொருந்தாது. வாடகைக்கு வந்தவர், அந்த வாடகை உறவு நீடிக்கும்வரை, தன்னைக் குடிவைத்தவரின் உரிமையை மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. ‘எனக்கே தாரேன்னு சொன்னாவ’ என்ற வாய்ப்பேச்சாலும் வீடு கைமாறாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்துக்குப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். ஆனால் அவர் பழைய முதலாளியிடம் பணம் கொடுத்து ஏதாவது கிரய ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறாரா என்பதை அறியாமல் விடக்கூடாது. பழைய டைரியோ கைச்சீட்டோ இருந்தால், அன்போடு கேட்டால் காட்டிவிடுவார். மிரட்டிக் கேட்டால் ஒரு வக்கீலிடம்தான் காட்டுவார்.

அவர் கையில் அப்படி எதுவும் இல்லையென்றால், என் யோசனை அவரை இருக்க விடுங்கள் என்பதுதான். 28 வருடம் ஒரே வளவில் வாழ்ந்தவரை இந்த வயதில் அசைத்தால் அவர் போகும் இடம் பெரும்பாலும் மகன் வீட்டுத் திண்ணைதான். நீங்கள் வாங்க வேண்டியது அவர் வீட்டை அல்ல, ஒரு எழுத்து ஒப்பந்தத்தை. தான் வாடகைக்காரர் என்றும், இனி வாடகை உங்களுக்குச் சேர வேண்டியது என்றும் அவர் கையெழுத்திட்டுவிட்டால், சொந்தம் கொண்டாடும் பேச்சு அன்றோடு தீர்ந்தது. வாடகையை 1,200-லிருந்து 2,000 ஆக்குவதற்காக அந்தக் கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் காகிதம் எல்லா வாடகையையும்விடப் பெரியது.

கடையில் ஆபத்து வேறு மாதிரி. எடுத்தவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாத உள்வாடகையாக இருக்கலாம். அது காலி செய்யக் கேட்க ஒரு காரணம். ஆனால் விற்பவர் நடத்துபவரிடம் நேரடியாக வாடகை வாங்கி ரசீதும் கொடுத்திருந்தால் அந்தக் காரணம் பலவீனமாகிவிடும். மாநகராட்சித் தொழில் உரிமம், ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கணக்கு இவற்றில் அந்த முகவரிக்கு யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நடத்துபவர் ஒழுங்காகக் கட்டுகிறார் என்றால், பழையவரிடம் ‘எனக்கு உரிமை இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, நடத்துபவரோடு புது ஒப்பந்தம் போடுவதே நல்லது. அட்வான்ஸை யார் கொடுத்தது என்பதை இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அட்வான்ஸை இரண்டு பேருக்குத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

இப்போது கணக்கு. உங்கள் 62 லட்சம் வங்கியில் 7 சதவீதத்துக்குக் கிடந்தால் வருடத்துக்கு 4,34,000 ரூபாய் வரும். இந்த வளவில் இன்று உண்மையில் வருவது முதல் வீடு, கடை, பெரியவர் வீடு மூன்றும் சேர்ந்து மாதம் 13,700. வருடத்துக்கு 1,64,400. ஆக வருடத்துக்குச் சுமார் 2.7 லட்சம் குறைவு. பிரச்சினை தீர இரண்டு வருடம் என்று வைத்தால் 5.4 லட்சம். ஒத்திக்கு 3 லட்சம். முதல் வீட்டு அட்வான்ஸ் 25,000, கடை அட்வான்ஸ் 1 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். தாளில் வரும் உண்மைத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். வக்கீல், கோர்ட், லாரிச் செலவு ஒன்றரை லட்சம். பழைய வளவுக்குக் கூரை ஒழுகல், கழிவறை, மோட்டார் என்று குறைந்தது 2 லட்சம். கூட்டினால் 13.15 லட்சம். புரோக்கர் சொன்ன 72-லிருந்து கழித்தால் 58.85 லட்சம். இதில் உங்கள் தலைவலிக்கு ஒரு ரூபாயும் சேர்க்கவில்லை. நான் என்றால் 57-க்குப் பேச ஆரம்பிப்பேன். விற்பவர் ஒத்தியையும் அட்வான்ஸ்களையும் தானே தீர்த்து, இரண்டாம் வீட்டையும் காலி செய்து தந்தால் 62 நியாயமான விலைதான்.

ஆள் குடியிருப்பதால் விலை குறைகிறதே தவிர, அரசு வழிகாட்டி மதிப்பு குறையாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் வரும். 62 லட்சத்துக்கே 5.58 லட்சம். தொகை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதம் வரி பிடித்து அவர் பான் எண்ணில் கட்டவேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

பேரம் படிந்தால் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். அட்வான்ஸ் ஐந்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒத்தி வீடும் இரண்டாம் வீடும் இந்தத் தேதிக்குள் காலியாக வேண்டும், ஆகாவிட்டால் வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் கழியும் அல்லது அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு நீங்கள் விலகலாம் என்று எழுதுங்கள். கிரயம் பதிவான நிமிடத்தோடு விற்பவர் மேல் உங்களுக்கு இருக்கும் பிடி போய்விடும். சென்னைக்குப் பஸ் ஏறியவரைப் பிறகு போனில் பிடிப்பதே பெரும்பாடு. ஒரு வீடு காலியாகாமலேயே பதிவு செய்ய நேர்ந்தால், அதற்கான தொகையை நிறுத்தி வைத்து, எப்போது, எந்த நிபந்தனையில் கொடுப்பீர்கள் என்பதைப் பத்திரத்திலேயே சொல்லுங்கள். சொல்லாமல் நிறுத்தினால், கொடுக்காத கிரயத் தொகைக்குச் சொத்தின் மேலேயே விற்பவருக்குப் பாத்தியம் உண்டு.

பத்திர எழுத்தர் பழக்க தோஷத்தில் ‘இன்றைய தேதியில் காலி சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது’ என்று அடித்துவிடுவார். அதை நீக்கச் சொல்லுங்கள். உள்ளே ஆள் குடியிருக்கும்போது அந்த வரி பொய். அந்தப் பொய் பின்னால் உங்களையே குத்தும். ‘வாடகைதாரர்கள் மூலமான சுவாதீனம்’ என்று எழுதி, யார் யார், என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ் என்ற பட்டியலைச் சேர்க்க வேண்டும்.

பதிவான அதே வாரம், விற்பவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தை ஒவ்வொருவருக்கும் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கணக்கில் வாடகை கட்ட வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். விற்ற விஷயம் தெரியாமல் பழையவரிடம் வாடகை கட்டியவரிடம் நீங்கள் மறுபடி கேட்க முடியாது. அடுத்து எல்லோரோடும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதற்கான அரசு இணையதளம் வழியாகப் பதிவு செய்யுங்கள். 11 மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்ற பழைய நினைப்பு இந்தச் சட்டத்தில் செல்லாது. ஒப்பந்தம் போட வரமாட்டேன் என்று ஒருவர் மறுத்தால், அதுவே வாடகை நீதிமன்றத்தில் சுவாதீனம் கேட்க ஒரு காரணம். அதனால் ஒப்பந்தத்துக்கு அழைத்த கடிதத்தின் நகலும் அது சேர்ந்ததற்கான சான்றும் பத்திரமாக இருக்கட்டும். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகை வந்தால், ‘என் உரிமைக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதியே ரசீது கொடுங்கள். சும்மா வாங்கினால் நோட்டீஸைக் கைவிட்டதாக வாதாடுவார்கள்.

உங்கள் நண்பர் சொன்ன தண்ணீர், கரண்ட் யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை இந்தச் சட்டமே தடுக்கிறது. வாடகை அதிகாரி திரும்ப இணைக்க உத்தரவிடுவார், உங்கள் மேல் தொகையும் விதிக்கலாம். பூட்டுப் போட்டு வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே வராது. அதைவிட முக்கியம், அந்த வீட்டில் குழந்தையும் முதியவரும் இருப்பார்கள். வளவுக்கு ஒரே மோட்டார் என்றால், வாடகையை ஒழுங்காகக் கட்டும் முதல் வீட்டுக்காரரும் சேர்ந்து தவிப்பார். அவரையும் இழப்பீர்கள்.

தேதி குறிக்கும்போது நாள் பார்த்துக் குறியுங்கள். பள்ளி நடக்கும்போது பிள்ளைகள் உள்ள வீடு அசையாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் ரத வீதிப் பக்கக் கடைக்காரரிடம் பேச்சே எடுபடாது. முழுப் பரீட்சை முடிந்து சித்திரை, வைகாசியில் காலி செய்வதாக வைத்தால் வீடுகளுக்கு நடக்கும். ஆவணியில் கடை ஒப்பந்தத்தை எழுதலாம்.

கடைசியாக, உங்களிடம் இருப்பது இந்தப் பணம் மட்டும்தான் என்றால் முழுவதையும் இதில் போடாதீர்கள். கிரயம், பதிவுச் செலவு எல்லாம் போக, ஒரு வருட வீட்டுச் செலவும் ஒரு மருத்துவச் செலவும் கையில் நிற்க வேண்டும். அது நிற்காது என்றால், ஒழுங்காக வாடகை வரும் ஒரு சிறிய வீட்டைப் பெருமாள்புரம் பக்கமோ மகாராஜநகர் பக்கமோ பாருங்கள். இந்த வளவுதான் வேண்டும் என்றால், அந்த ஐந்து தாள்களையும் கையெழுத்தோடு வாங்கிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஒப்பந்த வாசகத்தை அவற்றை வைத்துத்தான் எழுத முடியும்.